வேன் வளைவில் ஒலித்த ஏரி

பார்த்த இடங்களைப் பியானோவில் வாசிக்கிறவன் நான். சொல்லும்போதே கூச்சமாக இருக்கிறது. வார நாட்களில் ராஜகீழ்ப்பாக்கம் காலனிப் பிள்ளைகளைப் பியானோ கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்வேன். லீவு வந்தால் எங்காவது கிளம்பிவிடுவேன்; ஐம்பதை நெருங்கியும் கால் ஓரிடத்தில் தரிக்காது. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் கடல் அடிக்கிற தனுஷ்கோடிச் சாலை, வால்பாறையில் பஸ் கண்ணாடியை அழித்த மூடுபனி. ஊர் திரும்பியதும் ஒவ்வொன்றும் ஒரு வாசிப்பாகும். சொல் கிடையாது, குரல் கிடையாது. பத்து விரல்தான்.

ஒன்று மட்டும் பயணம் போகாமலே வந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி தூரத்தில் ஓர் ஏரி. சில வருஷம் முன்பு ஒரு மழைக்காலம் முழுக்க விடியலில் அங்கே போய் நின்றேன். இடது கை தண்ணீர்: நான்கே சுரம், அவசரமில்லாமல், திரும்பத் திரும்ப. வலது கை இலைக்கோழி என்கிற நீர்ப்பறவை: தாமரை இலைமேல் நாலு அடி, ஒரு நிற்றல், மறுபடி இரண்டு அடி. நான் வாசித்தவற்றில் பொய் கலக்காதது அது ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அந்த ஏரிக்கரை ஊர்க்காரன். அவன் அப்பா நெல் விளைவித்த நிலத்தை இப்போது மனை போட்டு விற்கிறான். என் வீட்டுக்கு வந்தபோது அந்த வாசிப்பைக் கேட்டுக் கண் கலங்கினான். “எங்க ஏரிடா மச்சான் இது! சைட் பாக்கறவங்கள கூட்டினு போற வேன்ல போட்டுக்கறேன், குடுறா.” உச்சி குளிர்ந்து, பதிவு செய்து வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து, ஜனங்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கும் நப்பாசையில் அந்த வேனில் ஏறினேன். தாம்பரம் ஸ்டேஷன் அருகே ஏற்றிக்கொள்வார்கள். மனையைக் காட்டி, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். டிரைவருக்குப் பின்னால் எனக்கு இடம். பக்கத்தில் ஒரு டீச்சரம்மாவும் அவர் கணவரும். மனை பிடித்துப்போய், அன்று கையெழுத்துப் போட வந்தவர்கள்.

வழியெல்லாம் சினிமாப் பாட்டு. ஏரிக்கரை வளைவு நெருங்கியதும் டிரைவர் அதை நிறுத்தினார். ரோஜா வாசனை ஸ்பிரேயை எடுத்து இரண்டு முறை அடித்தார். என் பியானோவைப் போட்டு, ஒலியை நன்றாகக் கூட்டினார்.

“ஏண்ணா, இந்த இடத்துல மட்டும் இது?”

“ஓனர் ஆர்டர் சார். செப்டிக் டேங்க் லாரிக்காரனுங்க இங்கதான் ஊத்திகினு கீறானுங்க. இன்னாதான் மூடினாலும் நாத்தம் பூந்துடும். சினிமாப் பாட்டுன்னா ஜனம் பேசிகினே வரும், கரெக்டா மூக்கப் பொத்தும். இத்தப் போட்டா கப்சிப். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நிக்கற மாரி உக்காந்துடும்.”

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். கரையில் ஒரு லாரி பின்பக்கம் காட்டி நின்றது. அதன் தடித்த குழாய் ஏரிக்குள் கக்கிக்கொண்டிருந்தது, என் இடது கையின் அதே நிதானத்தில். கரியும் பச்சையும் கலந்த கூழ். அதன்மேல் சோப்பு நுரை, டயப்பர், ஒரு பொம்மையின் தலை. நாற்றம் ரோஜாவைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தது. நாக்கில் படிந்தது, பல்லிடுக்கில் புகுந்தது. அதற்குமேல் என் இலைக்கோழி நாலு அடி வைத்து நின்றது. என் விரல்களை எங்காவது தேய்த்துக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

டீச்சரம்மாவிடம் திரும்பினேன். “மேடம், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இங்க இறங்கிப் பாருங்க. நாத்தம் தெரியக் கூடாதுன்னுதான் இந்த மியூசிக் போடறாங்க. வாசிச்சது நான்தான்.”

“நீங்களா சார்!” அவர் முகம் மலர்ந்தது. “நாத்தம் தெரியாம என்ன? எங்களுக்கு மூக்கு இல்லையா? இப்ப இருக்கற வாடகை வீட்ல வருஷா வருஷம் முழங்கால் தண்ணி. இங்க மேடாவது இருக்கே.”

“ஏரிப் பக்கம் ஜன்னலே வேண்டாம்னு பிளான்ல சொல்லிட்டோம்,” என்றார் கணவர்.

“சார், இத வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன். ஸ்கூல்ல பிரேயர் முடிஞ்சதும் மெடிடேஷனுக்குப் போடறேன்.”

முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “உங்க நம்பர் சொல்லுங்க” என்று வந்தது. பாராட்டு எனக்கு அவ்வளவு சீக்கிரம் இனித்துவிடுகிறது. அந்த நாற்றத்திலும் இனித்தது. என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டியது.

அனுப்பியது வந்துவிட்டதா என்று அவர் தட்டிப் பார்த்தார். வேனில் வாசிப்பு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் முதலிலிருந்து தொடங்கியது. ஒரே ஏரி இரண்டாகி, ஒன்றின்மேல் ஒன்று வழிந்தது. முன்னால் எட்டி டிரைவரின் தோளைத் தட்டினேன்.

“அண்ணா, வண்டிய நிறுத்துங்க, நான் இறங்கணும்!”

“இங்கியா? பேஜார் பண்ணாத சார்.”

எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். பின்சீட்டுகளில் அதுவரை மூச்சுவிடாமல் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

“சார், கதவத் தொறக்காதீங்க!”