இன்ஷிராஹின் இடது குதிகால்

அலெக்சாந்திரியாவில் டிராமை ஓடிப் பிடிப்பது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. அது நகர்கிறதா நிற்கிறதா என்று உள்ளே இருப்பவர்களுக்கே சில சமயம் சந்தேகம் வரும். ஆனால் இன்ஷிராஹ் அன்று டிராமைப் பிடிக்கவில்லை. தன்னை ஏற்றாமல் கிளம்பிவிட்ட கோபத்தில் அதை முந்திக்கொண்டு ஓடி, அடுத்த நிறுத்தத்தில் போய் நின்று, அது வந்து சேரும்வரை காத்திருந்தாள். அக்குளில் பரீட்சைத் தாள் கட்டு. தலைத்துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வயது நாற்பத்தைந்து.

டிராம் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நபீலா. இப்ராஹிமியாவில் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில்தான் வேலை. இன்ஷிராஹ் புவியியல் டீச்சர், நபீலா விளையாட்டு டீச்சர்.

"ஏண்டி, இத்தனை வருஷமா இந்தக் காலை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் நபீலா. "வெள்ளிக்கிழமை காலைல கடற்கரை ரோட்டுக்கு வா. பொம்பளைங்க நாங்க ஒரு கூட்டம் ஓடுறோம்."

இன்ஷிராஹ் போனாள். போனது நல்லதாயிற்று. மணமுறிவுக்குப் பிறகு பாகோஸில் அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். அங்கே நாள் முழுக்க யாராவது ஒருவர் அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாவி எங்கே, உப்பு எங்கே, வக்கீல் என்ன சொன்னான், மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்கிற எண்ணம் இருக்கா இல்லையா. ஓடும்போது யாரும் எதையும் கேட்பதில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கார்கள், நடுவில் அவள் மூச்சு.

அண்ணன் மனைவி சஃபினாஸுக்கு இது பிடிபடவே இல்லை. "வயசு போன காலத்துல பேய் துரத்துற மாதிரி ஓடுறா. பின்னாடி யாராவது வர்றானான்னு திரும்பியாவது பாரு" என்பாள். சொல்லிவிட்டு, ஓடிவிட்டு வருகிறவளுக்காக ஃபூல் என்கிற அவித்த மொச்சைப் பாத்திரத்தைச் சூடு ஆறாமல் மூடியும் வைப்பாள்.

ஒரு வருஷம் இப்படி நன்றாகப் போனது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றியவள், "யா ரப்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலுக்கு அடியில் கண்ணாடித் துண்டு இருப்பது போல ஒரு குத்து. பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பத்தடி நடந்ததும் வலி குறைந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மறந்தே போயிருந்தது. மறுநாள் காலை மறுபடி அதே குத்து.

முதல் வைத்தியம் சஃபினாஸ் கையால் நடந்தது. செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் வினிகர் ஊற்றி, துணி போட்டு, "வை காலை" என்றாள். வீடு முழுக்க ஊறுகாய்க் கடை வாசம். அடுத்து மருந்துக்கடைக்காரர், குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஜெல்லிப் பட்டை ஒன்றைக் கொடுத்தார். பட்டையை வைத்தால் கால் ஷூவை விட்டு எழும்பியது. எழும்பினால் விரல்கள் நசுங்கின.

கடைசியில் எலும்பு டாக்டர் தர்வத்திடம் போனாள். இரண்டு பாதத்தையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனாவால் தட்டினார்.

"பார்த்தீங்களா ஹாஜியா, இதோ. குதிகால் எலும்புல முள்ளு வளர்ந்திருக்கு."

ஹஜ்ஜுக்கே போகாதவளை ஹாஜியா என்கிறாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. முள் என்றதும் அதுவும் மறந்துபோனது.

"உள்ளேயே முளைச்சதா டாக்டர்?"

"உள்ளேயேதான். இந்த வயசுல ஓட்டம் என்னத்துக்கு? நிறுத்துங்க. உடம்பைக் கொஞ்சம் குறைங்க. சரியாகலேன்னா ஊசி போட்டுக்கலாம்."

"ஓடாம உடம்பை எப்படிக் குறைக்கிறது டாக்டர்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஓட்டத்தை நிறுத்தினாள். ஒரு மாதத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் கீரை நறுக்கினாள், வக்கீலைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னாள், அண்ணனின் வாயுக்கோளாறைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டாள். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடியதால் வந்த வலி என்றால் ஓடாதபோது ஏன் போகவில்லை? யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஷூதான் காரணம்" என்றாள் நபீலா, அடித்துச் சொல்கிற குரலில். "மன்ஷியாவுல மூட்டையில வர்ற பழைய ஷூ வாங்கி ஓடினா வேற என்ன ஆகும்? மால்ல ஒரு கடை இருக்கு. மெஷின்ல காலை வச்சுப் பார்த்து எந்த ஷூன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

மால் கடையில் கண்ணாடிப் பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். திரையில் அவள் பாதம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, அவளுடைய வகுப்பறையில் தொங்கும் உயரங்காட்டும் வரைபடம் போலத் தெரிந்தது. சிவப்புதான் மலையா, பள்ளமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க பாதம் உள்பக்கமாச் சாயுது" என்றான் கடைக்காரன். "உள்பக்கம் கட்டியா இருக்கற ஷூ போட்டாத்தான் சரியாகும். என்ன சைஸ்?"

"முப்பத்தெட்டு."

வாங்கினாள். செங்கல்லில் ஏறி நின்றது போல இருந்தது. பழகப் பழகச் சரியாகும் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி இரண்டு வாரம் பழக்கினாள். குதிகால் வலியோடு சுண்டுவிரல் வலியும் சேர்ந்துகொண்டது.

ஓட்டக் கூட்டத்தில் ஒருத்தி, அந்தக் கடையில் எல்லோருக்கும் உள்பக்கம் சாய்வு என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லி, ஸ்மூஹாவில் வேறு கடைக்கு அனுப்பினாள். அங்கே மெஷின் இல்லை. கடை முதலாளியே அவளை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுத்தார். மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

"வெளிப்பக்கமா சாயுறீங்க மேடம். உங்களுக்கு மெத்து மெத்துன்னு இருக்கணும். அந்தக் கட்டி ஷூவை யார் தலையில கட்டினது?"

"மெஷின் சொல்லுச்சு."

"மெஷினுக்கு என்ன தெரியும்?"

மெத்தென்ற ஷூவும் வந்தது. அதுவும் முப்பத்தெட்டு. இப்போது வீட்டில் இரண்டு ஜோடி. ஒன்று அவள் கால் உள்ளே விழுகிறது என்றது, மற்றது வெளியே விழுகிறது என்றது. இரவு அண்ணன் மகளின் கைப்பேசியில் காலை வீடியோ எடுக்கச் சொல்லித் தானே பார்த்தாள். நேராகத்தான் தெரிந்தது. மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் சாய்ந்தது.

குழப்பம் முற்றிய ஒரு காலையில், எதை நம்புவது என்று பரிசோதித்தே பார்த்துவிடுவோம் என்று, இடது காலில் கட்டி ஷூவும் வலது காலில் மெத்து ஷூவும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஒன்று ஊதா, மற்றது பச்சை. நைல் கழிமுகத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"அப்லா, ஷூ மாறிப் போச்சு."

"தெரியும். உட்காரு."

"வேணும்னே போட்டீங்களா அப்லா?"

வகுப்பு குபீரென்று சிரித்தது. இன்ஷிராஹுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாடம் முடிந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபோது கண் கலங்கிவிட்டது. நபீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் காலைப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

"காம்ப் சீசர்ல ஈரினின்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. உடற்பயிற்சி வைத்தியம். என் முட்டியைப் பார்த்தவங்க. வாங்கின ஷூ, எடுத்த படம் எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போ."

டாக்டர் ஈரினியின் கிளினிக் நாலாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. குதிகால் வலிக்காரர்களுக்குச் சரியான இடம்தான் என்று நொந்துகொண்டே ஏறினாள். ஈரினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் பச்சை குத்திய சிறிய சிலுவை. இன்ஷிராஹ் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். செங்கல் கதையையும் கேட்டாள். வினிகர் என்றபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெறுங்காலோடு நிற்கச் சொன்னாள். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னாள். வலதில் தூக்க முடிந்தது. இடதில் இரண்டு முறைக்குமேல் எழும்பவில்லை. பிறகு படுக்கவைத்து, குதிகாலின் உள்பக்கத்தில் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இன்ஷிராஹ் மேஜையிலிருந்து எழும்பிவிட்டாள்.

"இங்கதானா?"

"அங்கேதான்! அதுதான் முள்ளா?"

ஈரினி எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்தாள். "இது உங்க இடது கால். இதோ முள்ளு. இது வலது கால். இங்க என்ன இருக்கு, பாருங்க."

இன்ஷிராஹ் பார்த்தாள். வலது குதிகாலிலும் முள் இருந்தது. இடதைவிடப் பெரிதாக.

"வலது கால் வலிக்குதா?"

"இல்லையே."

"ஒரு நாளாவது?"

"இல்லை. அப்போ... முள்ளு எதுக்கு இருக்கு டாக்டர்?"

"இருக்கு, அவ்வளவுதான். நிறையப் பேருக்கு இருக்கும், தெரியவே தெரியாது. உங்க பாதத்துக்கு அடியில குதிகாலையும் விரலையும் இழுத்துக் கட்டின மாதிரி ஒரு பட்டை இருக்கு. வலி அதுலதான். தாங்குறதுக்கு மேல சுமந்துடுச்சு."

"அப்போ டாக்டர் தர்வத் பொய்யா சொன்னார்?"

"இல்லை. அவர் படத்துல இருந்ததைச் சொன்னார்."

"மெஷின்?"

"மெஷின் நீங்க நின்னதைச் சொல்லுச்சு. வீடியோ நீங்க நடந்ததைச் சொல்லுச்சு. எல்லார் பாதமும் கொஞ்சம் அப்படி இப்படிச் சாயத்தான் செய்யும்."

இன்ஷிராஹுக்குத் தலை சுற்றியது. எல்லோரும் சரி என்றால் தப்பு எங்கே?

ஈரினி தரையில் ஒரு காகிதத்தைப் போட்டு அவளை அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு ஊதா ஷூவின் உள்தட்டை உருவி அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். முன்னாலும் பக்கத்திலும் கோடு வெளியே வழிந்து நின்றது.

"என்ன சைஸ் போடுறீங்க?"

"முப்பத்தெட்டு."

"யார் சொன்னா?"

இன்ஷிராஹ் காகிதத்தில் இருந்த கோட்டைப் பார்த்தாள். யார் சொன்னார்கள்? நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளைச் செருப்பு வாங்கியபோது முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. கேட்டவர்களிடம் பிறந்த தேதியைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"உங்களுக்கு நாற்பது வேணும். இடதுக்கு அதுக்கும் கொஞ்சம் மேல."

"கால் வளருமா, இந்த வயசுல?"

"நீளாது. தளரும், அகலும். ஷூ சாயங்காலமாப் போய் வாங்குங்க. ஓடும்போது போடுற சாக்ஸோட போடுங்க. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்க. எது காலுக்குச் சுகமா இருக்கோ அதை எடுங்க. பழகினா சரியாகும்னு சொன்னா எடுக்காதீங்க."

"சுகமா இருக்கறதை எடுக்கறதுக்கு உங்ககிட்ட எதுக்கு வரணும் டாக்டர்?"

ஈரினி சிரித்துவிட்டாள். "சர்டிபிகேட் உள்ளவங்க சொன்னாத்தானே நீங்க கேக்கறீங்க! ஷூ மட்டும் போதாது. கெண்டைக்கால் பலமே இல்லை. படிக்கட்டு விளிம்புல நில்லுங்க. விரலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, குதிகாலை மெதுவாத் தூக்குங்க, மெதுவா இறக்குங்க. ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்டத்தையும் ஆரம்பிங்க, கொஞ்சமா. மறுநாள் காலை வலி கூடலேன்னா தொடருங்க. மாசக்கணக்குல ஆகும். அவசரப்படாதீங்க."

"ஓடலாமா?" இன்ஷிராஹுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

"ஓடலாம்."

ஷூ வாங்கப் போனபோது பெண்கள் பகுதியில் அவள் அளவுக்கு அகலமாக ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்து அலமாரியில் சாம்பல் நிற ஜோடி ஒன்று கண்ணில் பட்டது. போட்டுக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். வாடிக்கையாளர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"மேடம், அது ஆம்பளைங்க ஷூ" என்று கடைக்காரன் பின்னாலேயே வந்தான்.

"என் காலுக்கு அது தெரியலையே, மகனே."

"அழகா பிங்க்ல காட்டட்டுமா?"

"ஊதாவும் பச்சையும் என்னை அழ வச்சது போதும். இதைக் கட்டிக் குடு."

படிக்கட்டுப் பயிற்சி அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அந்திநேரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படி விளிம்பில் ஏறுவதும் இறங்குவதுமாக நிற்பதை மேல்வீட்டு ஹாஜி பய்யூமி பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சரம்மா, மேலே போறீங்களா, கீழே போறீங்களா?"

"ரெண்டும் இல்லை ஹாஜி. நின்ன இடத்துலதான்."

"அல்லாஹ் சுகம் குடுக்கட்டும்" என்று சொல்லி, சுவரோரமாக இறங்கிப் போனார். அவள் யாருக்காகவோ காத்து நிற்கிறாள் என்ற செய்தி அன்று ராத்திரியே சஃபினாஸின் காதுக்கு வந்தது. சஃபினாஸ் அடுத்த நாள் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். "என் நாத்தனார் காலுக்கு வைத்தியம் பண்றா. வேற வேலை இருந்தா பாருங்க" என்று ஏறி இறங்குகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் செங்கல்லும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல இன்ஷிராஹுக்கு மனம் வரவில்லை.

புயல்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கடல் சாலையில் ஏறி அடித்த நாட்களில் ஓட்டம் இல்லை. மற்ற நாட்களில் கொஞ்சம் ஓடினாள், கொஞ்சம் நடந்தாள். ஒரு வாரம் வலி குறையும். சரியாகிவிட்டது என்று நினைப்பாள். அடுத்த வாரம் காரணமே இல்லாமல் திரும்ப வரும். ஏன் என்று ஈரினியிடம் போய் நின்றால், "வரும், போகும். மொத்தத்துல எப்படி இருக்குன்னு பாருங்க" என்பாள். மொத்தம் என்பதை எங்கே நின்று பார்ப்பது என்று இன்ஷிராஹுக்குப் புரியவில்லை. ஆனாலும் படியில் ஏறி நின்றாள்.

வசந்தம் வந்து, தெருவில் வசந்தப் பண்டிகைக்கான புளித்த மீன் வாசம் அடிக்கத் தொடங்கிய நாட்களில், கட்டிலிலிருந்து இறங்கி அடுப்படிவரை போன பிறகுதான் ஒருநாள் அவளுக்கு உறைத்தது. குத்தவில்லை. திரும்பிக் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்தாள். லேசான ஒரு இறுக்கம், அவ்வளவுதான்.

"எது டாக்டர் குணப்படுத்துச்சு?" என்று அந்த வாரம் ஈரினியிடம் கேட்டாள். "ஷூவா, படிக்கட்டா?"

"பயிற்சின்னு சொல்லத்தான் எனக்கு ஆசை" என்றாள் ஈரினி. "ஷூவும் இருக்கலாம். நாள் போனதும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியாது."

இத்தனை நாளில் தெரியாது என்று ஒருவர் சொல்லி இன்ஷிராஹ் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாம்பல் ஷூவை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கிளம்பினாள். முதல் கொஞ்ச தூரம் இடது குதிகால் முணுமுணுத்தது. நிற்கலாமா என்று யோசித்தாள். நபீலா திரும்பிப் பார்த்து, "என்னடி?" என்றாள்.

"தெரியலை. நீ ஓடு."

ஸ்டான்லி பாலம் தெரிந்தபோது முணுமுணுப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.