மூன்றுக்குப் பதில் ஒன்பது

அந்த நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளை உஷ்ஷக்கா என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே மேஜை. வாசிக்கும் கூடத்தில் யார் குரலை உயர்த்தினாலும் தலையைத் தூக்காமலே "உஷ்" என்பாள். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். பதவி, நூலக உதவியாளர். நூலகர் ஓய்வுபெற்றுப் போனபின் தலைமை அலுவலகம் அந்த இடத்துக்கு ஆளைப் போடவில்லை. சாவிக்கொத்தும் பொறுப்பும் இவள் கைக்கு வந்தன. பதவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பட்டனைத் தட்டிவிட்டு, அன்றைய நாளிதழ்களை எல்லாம் கம்பியில் மாட்டிவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். கீபோர்டில் இரண்டு எழுத்து உதிர்ந்துபோய், அந்தக் குழிக்குள் பேனா மூடியை விட்டு அழுத்த வேண்டும். ஆனால் வேலைக்கு மனுப்போட, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க, ஓய்வூதியத்துக்கு எழுத என்று அந்த வட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான் கதி. காலையிலேயே வரிசைப்படி டோக்கன் கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள், சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். மருத்துவமனை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். மனு அனுப்ப அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலே முக்காலுக்குத்தான் அவள் முறை வந்தது. பாதி நிரப்பியதும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. அணைத்து மறுபடி போட்டு, அது எழுந்து வருவதற்குள் ஐந்து தாண்டிவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. சான்றிதழ்களை அடுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டு, "பரவாயில்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதன்பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட உஷ்ஷக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு எழுத ஆரம்பித்தாள். ஆறு கடிதத்துக்கு மூச்சில்லை. ஏழாவதற்குப் பதில் வந்தது: கிளையில் கணினி வசதி ஏற்படுத்தத் தொகை ஒதுக்கப்படுகிறது. கூடவே கொள்முதல் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கமும் சொன்னார்.

"மூணு புது கம்ப்யூட்டருக்கு உண்டான தொகைம்மா. மூணு வாங்குங்க, பில்லை அனுப்புங்க. முடிஞ்சது."

"மூணு பத்தாதே சார். தினமும் முப்பது பேர் வராங்க."

"பத்தலைன்னா நான் என்ன அச்சடிச்சா தர முடியும்?"

போனை வைத்துவிட்டு ஆணையை மூன்று தடவை படித்தாள். 'கணினி வசதி' என்றுதான் இருந்தது. எத்தனை என்று இல்லை. புதியது என்றும் இல்லை. பழைய பாகங்களை வாங்கித் தானே மாட்டினால் அதே பணத்தில் மூன்றுக்கு மேல் வரும் என்று பட்டது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். உள்ளே முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த புதுச் சரக்குக் கடைகள். மேலே ஏற ஏறப் பழைய சரக்கு. படிக்கட்டிலேயே மானிட்டர்களை முதுகோடு முதுகாக அடுக்கியிருப்பார்கள். ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். உஷ்ஷக்கா முதல் தடவை போனபோது மேலே ஏறத் தைரியம் வரவில்லை. தரைத்தளத்தில் டை கட்டிய கடைக்காரர் ஒருவர் சிரித்த முகமாகக் கூப்பிட்டு விவரம் கேட்டுக்கொண்டார்.

"மூணு புதுசு எடுத்துக்கங்க மேடம். வேண்டாம்னா பழசும் நம்மகிட்டயே இருக்கு. முதல்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. எல்லாம் ஏ ஒன் சரக்கு."

நூலகப் பணத்தைத் தொடாமல் சொந்தக் காசைப் போட்டு ஒரு கம்ப்யூட்டருக்கான பாகங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் துணி விரித்து, நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். நினைவகப் பலகை, அதாவது ரேம், அதன் இடத்தில் பொருந்தவே இல்லை. லேப்டாப்பில் போடுகிற சின்ன ரேமை டைக்காரர் அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார். அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் வேறு ரேம் இரவல் வாங்கிப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். பட்டாசு மாதிரி ஒரு வெடி. கரிநாற்றம். வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. மின்சாரம் கொடுக்கும் பெட்டி, அந்தப் பழைய பவர் சப்ளை, போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது டைக்காரர் சுவரைக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.' அது முன்பே அங்கே இருந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாயங்காலம் கரித்துண்டாகிக் கிடந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாங்க மட்டும் பஸ்ஸுக்கு எல்லாத்தையும் புதுசாவா போடறோம்? சீட்டு, கதவு, கண்ணாடி, ஏன், கியர்பாக்ஸ்கூடப் பழைய வண்டியில இருந்து கழட்டி மாட்டுவோம். பிரேக்குல மட்டும் பழசு கிட்டயே போகமாட்டோம்."

"இருங்க. இப்ப சொன்னதை மறுபடி சொல்லுங்க."

"எதை, மூஞ்சியத் தூக்கினதையா?"

"அதை விடுங்க. பிரேக்கை."

அன்றே ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டாள். கெட்டுப்போனால் மற்றதையும் சேர்த்துக் கெடுப்பது எது, கெட்டுப்போனால் தன்னோடு போய்விடுவது எது? பவர் சப்ளை முதல் வகை. அது புதிதாகத்தான் வாங்க வேண்டும். எழுதியதெல்லாம் பத்திரமாக இருக்க வேண்டிய டிஸ்க்கும் புதிது, அதுவும் எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான வகை. கேஸ், மதர்போர்டு, பிராசஸர், ரேம், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழசே போதும், நல்ல பழசாக இருந்தால். கூட்டிப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை கூட்டினாள். ஒதுக்கிய தொகைக்கு ஒன்பது கம்ப்யூட்டர் வந்தது.

அடுத்த விடுமுறை நாளில் டைக்காரரைத் திரும்பியும் பார்க்காமல் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அங்கே ஒரு கடை. அலுவலகங்கள் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்து விற்பவர் அவர். வாயைத் திறந்தால் காசு செலவாகிவிடும் என்பதுபோலப் பேசுவார்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு எடுக்கலாமா?"

"மேஜை அதுக்குத்தான்."

"பில் தருவீங்களா?"

"மூணு மாச வாரண்டியும் எழுதித் தரேன்."

"வேண்டாம்னு நிறைய கழிப்பேன். கோபப்படக் கூடாது."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கழிங்க" என்றார்.

நாலு விடுமுறை நாட்கள் அந்த மேஜையில் போயின. ஒரு காப்பீட்டு அலுவலகம் கழித்த பெட்டிகள் இருபது வந்திருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, தூசி ஊதி, மதர்போர்டில் ஏதாவது உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். புதிய பவர் சப்ளையை அங்கேயே மாட்டி, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடு பார்த்தாள். கீபோர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மடியில் வைத்து எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்தாள். ஒரு எழுத்து மக்கர் செய்தாலும் ஓரம் கட்டினாள். மானிட்டர்களில் வெள்ளைத் திரை போட்டு, ஒளிராத கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினாள். ஒரு பெட்டி மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு திரையைக் காட்டவே மாட்டேன் என்றது.

"இது செத்துப் போச்சு" என்று தள்ளி வைத்தாள்.

"அழிரப்பர் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

நூலகக்காரியின் பையில் அது இல்லாமலா இருக்கும்? ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தை ரப்பரால் நாலு இழுப்பு இழுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். திரை பளிச்சென்று வந்தது. உஷ்ஷக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அந்த மாடியில் அவளுக்கு டெஸ்ட் மேடம் என்று பெயர் விழுந்திருந்தது. சிலர் அவள் கழித்ததை ரகசியமாகக் கவனித்து, அந்தச் சரக்கைத் தாங்களும் எடுக்காமல் விட்டார்கள்.

நூலகத்தின் வார விடுமுறை அன்று கூடத்திலேயே வைத்து எல்லாப் பாகங்களையும் மாட்டினார்கள். கணவரும் வந்தார். ஸ்குரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியவரைப் பார்த்து, "இது பஸ் போல்ட் இல்லைங்க. மெதுவா" என்றாள். காசு கொடுக்காமல் கிடைக்கும் இயங்குதளத்தை ஒவ்வொன்றிலும் ஏற்றினாள். சாயங்காலம் ஜன்னலோரம் வரிசையாக ஒன்பது திரையும் ஒளிர்ந்தபோது கணவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க டிப்போவுல வேலைக்குச் சேர்றியா?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கூடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதும் சிரித்ததும் அன்றுதான்.

டோக்கன் முறை ஒரு வாரத்தில் தேவையில்லாமல் போய்விட்டது. மனுப்போட வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். படிக்க வருகிறவர்கள் படித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் வந்து வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டு விரலால் கடிதம் அடித்தார்.

மூன்றாவது வாரம் கொள்முதல் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கூடவே தலைமை அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். மூன்று புதுக் கம்ப்யூட்டர் விற்பனை கைநழுவிய டைக்காரர் புகார் எழுதியிருந்தார்.

"குப்பையை வாங்கி அடுக்கி வச்சிருக்கீங்கன்னு எழுத்துல வந்திருக்கும்மா. நான் விசாரிச்சாகணும்."

"விசாரிங்க சார்" என்றாள்.

"ஒரு கம்ப்யூட்டரைக் காட்டுங்க."

காட்டுவதற்கு ஒன்றும் காலியாக இல்லை. ஒன்பதிலும் ஆள் இருந்தது. "கொஞ்ச நேரம் ஆகும் சார், உட்காருங்க" என்று நாற்காலியைப் போட்டாள். அதிகாரி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் போன் வந்து அவர் உரக்கப் பேச ஆரம்பித்தபோது பழக்கதோஷத்தில் அவள் "உஷ்" என்றுவிட்டாள். கூடம் முழுக்கத் தலை நிமிர்ந்தது. அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இடம் காலியாக ஆக, தொழில்நுட்பப் பெண் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சோதித்தாள். அணைத்துப் போட்டு நேரம் பார்த்தாள். பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்பதையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. உஷ்ஷக்கா பில்களையும், எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எது புதிது, எது பழசு என்று எழுதிய நோட்டையும் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"என்னம்மா, தேறுமா?" என்று தொழில்நுட்பப் பெண்ணிடம் கேட்டார் அதிகாரி.

"சார், இது இருபது செகண்டுல ரெடியாகுது. நம்ம ஆபீஸ்ல உங்க மெஷினைப் போட்டுட்டு நீங்க காபிக்குப் போறீங்கல்ல?"

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். நடுக்கோடு போட்ட பக்கத்தில் நின்றார். வெகுநேரம் படித்தார்.

"இதை யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"வீட்டுல ஒண்ணு வெடிச்சுது சார். அதுதான்."

அவர் சிரித்தார். புகார்க் கடிதத்தின் மேலேயே 'நேரில் பார்த்தேன். புகார் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"மத்த பதினோரு கிளைக்கும் இதே மாதிரி செஞ்சு தர முடியுமா?"

வேறு நாளாக இருந்தால் "சரிங்க சார்" என்றிருப்பாள். அன்று அப்படி வரவில்லை.

"செய்யலாம் சார். கடையை நான்தான் பார்த்து எடுப்பேன். டெஸ்ட் பண்ற நாள் வேலை நாளா இருக்கணும், என் லீவுல இல்ல. அப்புறம் இந்த நூலகத்துக்கு நூலகர் நாற்காலி நாலு வருஷமா காலியா இருக்கு."

"எழுதிக் கொடுங்க."

எட்டாவது கடிதத்தை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஜன்னலோரம் மூன்றாவது கம்ப்யூட்டரில், நின்று நிதானமாக, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

அந்த வருடம் முடிவதற்குள் பதினோரு கிளைகளுக்கும் எழுபத்திநாலு கம்ப்யூட்டர் போயின. மூன்றாவது மாடிக்காரர் அவளுக்காகவே இரண்டாவது மேஜை ஒன்று போட்டார். திரும்பி வந்தவை மூன்றே மூன்று. மூன்றையும் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல். நூலகர் நியமன ஆணை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பிரித்துப் படித்து, மேஜை இழுப்பறையில் வைத்தாள். அதற்குள் தபால்காரர் தன் திரையைக் காட்டி, "மகள் பதில் போட்டுட்டா, ஆனா போட்டோ திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். நூலகர் எழுந்து போனார்.