இரட்டைப் பூட்டுப் போட்ட பி.டி.எஃப்.

போன வியாழக்கிழமை ஒரு கோப்பைத் திறப்பதற்காக மலையேறினேன். கணினிக் கோப்புதான். கணினி கள்ளக்குறிச்சியில் இருந்தது... சாவி வெள்ளிமலையில்.

கருவூலத்தில் காலம் தள்ளியவன் நான். அங்கே பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஓய்வு பெற்றால் இந்த வியாதி விடுமா?

மலையில், நான் கணக்கெழுதிக் கொடுக்கும் சாமை பயிரிடுவோர் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவேடு தேவைப்பட்டது. அதற்கான கணினி நிரல் எழுதியவள் ரிஸ்வானா - எங்கள் தெரு இரும்புக் கடைக்காரர் மகள், வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். யாரோ முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயராம். புத்தகமெல்லாம் கிடையாது. பெயர், நிலம், புகைப்படம் கொடுத்தால் பக்கம் பக்கமாக பி.டி.எஃப். தயாராகிறது. இன்னும் ஒரு வரி சேர்த்தால் பூட்டும் விழுகிறது.

நான் சும்மா இருந்தேனா? அந்தப் பூட்டைத் திறக்கும் கடவு எண்ணை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதி எனக்கு. மறுபாதி சங்கத் தலைவர் சின்னசாமிக்கு. அவர் தட்டும்போது ரிஸ்வானாவைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார வைத்தேன். மூலப் பட்டியலையும் அழிக்கச் சொன்னேன். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். நடைமுறை தெரியாத பெண்! பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன்.

புதன் மாலை கொள்முதல் மையத்திலிருந்து தகவல். பதிவேட்டை அச்செடுத்து மறுநாள் ஐந்து மணிக்குள் தர வேண்டும். தவறினால் இந்தப் போகத்துச் சாமை முழுக்கத் தரகர் சொல்லும் விலைக்குத்தான். சின்னசாமியின் போனோ தொடர்பு எல்லைக்கு அப்பால். காலையில் என் பாதியை ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. ஜன்னல் வழியே மேகம் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. அதனிடம் டிக்கெட் கேட்பாரில்லை. கண் செருகியது. மரங்கள் வருவதும் கரைவதுமாக... எதற்காகப் போகிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. மறந்தது சுகமாகவும் இருந்தது.

சின்னசாமி வீடு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் ஒரு சாவுக்குத் தூரத்து ஊருக்குப் போயிருக்கிறாராம். நாளைதான் வருவாராம். அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்பர் வாங்க வந்தீங்களா?" என்றார், முறத்தை நிறுத்தாமலே.

தூக்கிவாரிப் போட்டது. ரகசிய எண் இவருக்கு எப்படி?

"அவருக்கு மறதி ஜாஸ்திங்க. மறந்துட்டா இன்னா பண்றதுன்னு, டவுனுக்குப் போய் வந்தன்னிக்கே எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஆளுக்கு ரெண்டு தரம் திருப்பிச் சொல்ல வெச்சாரு."

கருவூலமாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். அன்று, எண்ணைக் கேட்டுக்கொண்டேன்.

போனுக்கு சிக்னல் மேட்டுப் பாறைமேல்தான் கிடைக்கும் என்றார்கள், அதற்குள் கூடிவிட்ட அக்கம்பக்கத்தார். ஏறினேன். ரிஸ்வானாவின் குரல் வெட்டி வெட்டி வந்தது. மூன்றாவது இலக்கத்தில் நான் தடுமாற, கீழே நின்ற நாலைந்து பேர் தலைவரின் பாதி முழுவதையும் ஒரே குரலில் சொன்னார்கள். மேகத்துக்குள் அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"தொறந்துடுச்சு சார்."

நாலரைக்கெல்லாம் மையத்தில் கொடுத்துவிட்டாள். நான் வீடு திரும்பியதும் போன் செய்தாள். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சே சார். நம்பரை மாத்திடலாமா?"

வேண்டாம் என்றேன். என் பாதியையும் அங்கே சொல்லிவிட்டுத்தான் மலையிறங்கினேன்.