கோடையில் அடங்கிக் கிடப்பது

மஸ்ஸரான் தியாரா எங்கள் மலேரியா ஆய்வு நிலையத்தில் சேர்ந்த முதல் வாரம், கை பழகட்டும் என்று அவள் விரலையே குத்தச் சொன்னார்கள். அது மார்ச் மாதம். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; கொசு என்ற பேச்சே இல்லை. அவள் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவன் நான். வெகுநேரம் தேடியதில் மூன்றே மூன்று கிருமிகள் தென்பட்டன.

“அக்கா, உங்க ரத்தத்துல மலேரியா இருக்கு.”

“எனக்கா? காலையில ரெண்டு கட்டு விறகு வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். உன் கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு!” என்று சிரித்தாள். நான் அவளையே நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், அவளுடைய இரண்டாவது மகன் காலையில் கஞ்சி குடித்தான். அந்தித் தொழுகைக்குள் போய்விட்டான். மூளைக்கு ஏறிய மலேரியா. அதுவரை பேருந்து நிலையத்தில் தக்காளி விற்றவள், ஒன்பதாவது படித்த தைரியத்தில் எங்களிடம் வேலை கேட்டு வந்தாள்.

“எம்புள்ளய ஒரே பகல்ல கொண்டுபோனது, என் உடம்புல மட்டும் எப்படி சத்தமில்லாம குந்தியிருக்கு?” என்று எங்கள் நிலையத்தின் டாக்டர் அசெத்துவிடம் கேட்டாள்.

டாக்டர் அவளருகே பெஞ்சில் உட்கார்ந்தார். “எங்களுக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். அடுத்த ஆளுக்குப் போகணும்னா அதுக்குக் கொசு வேணும். இப்ப கொசு இல்ல. இப்ப உங்களச் சாய்ச்சா அதுக்கும் சாவுதான். கோடையிலயும் மூர்க்கமா இருந்த கிருமியெல்லாம் ஆளோட சேர்ந்து அழிஞ்சிருக்கும். அடங்கிக் கிடந்தது பிழைச்சு வம்சம் விட்டுச்சு. மழை வந்துட்டா வீட்டுக்கு வீடு கொசு. அப்ப அடக்கம் எதுக்கு? தாறுமாறாப் பெருகும். பழகுன உடம்பு தாங்கும். பச்சப்புள்ள தாங்காது.”

மஸ்ஸரான் குத்திய விரலைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப அது தூங்கும்போதே தேடிப் போகணும்” என்றாள்.

அவளுக்கு ஒதுக்கிய ஊர் கொலெபுகு. வெயிலில், நோயே இல்லாதவர்களிடம் போய் ரத்தம் கேட்பதுதான் வேலை. அங்கே கிணறு தோண்டும் செரிபா திராவொரே வாசலிலேயே மறித்துக்கொண்டான். திராவொரே, தியாரா என்ற இரண்டு குலத்தாருக்கும் பரம்பரையாகக் கேலி முறை. காராமணி தின்னி என்றோ அடிமை என்றோ எவ்வளவு வைதாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

“ஏ காராமணி தின்னி! நல்லா இருக்கிறவன் ரத்தத்த எடுத்து என்னடி பண்ணப் போற? குழம்பு வைக்கப் போறியா?”

“உன் ரத்தத்துல குழம்பு வெச்சா நாய்கூட நக்காது. திராவொரேன்னா எனக்கு அடிமை. கைய நீட்டு!”

ஊரே சிரித்தது. ஆனால் செரிபா கையை நீட்டவில்லை. “காய்ச்சல் வந்தா நானே வரேன், போ” என்றான். கேலிக்கு அடியில் பயம் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவனைப் பார்த்துப் பாதி ஊர் மறுத்துவிட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் தரும் தடுப்பு மாத்திரையையும் அவன் வாங்கவில்லை.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், கம்பங்கொல்லை ஓரமாக மோட்டார் சைக்கிளில் வந்தவள் அலறல் கேட்டு நின்றாள். செரிபாவின் நான்கு வயது மகள் நஸ்ஸிரா கண் செருகி, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். மஸ்ஸரான் வண்டியைத் திருப்பினாள். “தூக்கிட்டு ஏறு! தலைய ஒருக்களிச்சுப் புடி!” என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக்குச் சேற்றில் பதினோரு கிலோமீட்டர். வழியெல்லாம் செரிபா, “மூச்சு இருக்கு… மூச்சு இருக்கு…” என்று அவள் காதருகே சொல்லிக்கொண்டே வந்தான்.

மருந்து ஏறி, மூன்றாம் நாள் நஸ்ஸிரா கண் விழித்து மாம்பழம் கேட்டாள். அது மாம்பழக் காலமே இல்லை. மஸ்ஸரான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். மகன் போனபோதுகூட அப்படி அழவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த மார்ச்சில் செரிபா தானாகவே வந்து விரலை நீட்டினான். அவன் ரத்தத்திலும் கிருமி இருந்தது. நான் காட்டியதும் அவனே நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

“இது விதைக் கம்பு மாதிரி” என்றான் மெதுவாக. “பஞ்சத்துலயும் தின்னாம எடுத்து வெச்சிருக்கு. மழை வந்ததும் விதைக்கப் போகுது. எம்புள்ளமேல விதைச்சது நான் சுமந்ததாவும் இருக்கலாம்.”

“நானும் சுமந்தவதான்டா” என்றாள் மஸ்ஸரான். கேலி முறைக்காரனிடம் அவள் வையாமல் பேசியது அதுவே முதல் தடவை.

அந்த மாதமே ஊர்க்கூட்டம் நடந்தது. செரிபா எழுந்து டாக்டரைக் கேட்டான்: “மாத்திரையால புள்ளைங்க சாகாம பொழச்சா, மூர்க்கமான கிருமியும் கூடவே பொழச்சுக்குமே? அது நாளைக்கு இன்னும் வெறியா வந்தா?”

டாக்டர் அசெத்து மழுப்பவில்லை. “வரலாம், வராமலும் போகலாம். அதனாலதான் மாத்திரை மட்டும் போதாது, கொசுவலையும் வேணும். கொசு மேல ஏற முடியலன்னா எவ்வளவு மூர்க்கமானதுக்கும் வாரிசு இல்ல. அது மாறுதான்னு வருஷா வருஷம் உங்க ரத்தத்துலதான் பாக்கணும்.”

“அப்ப நாங்க காவக்காரங்க” என்றான் செரிபா. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “கேட்டுக்குங்க! இந்தக் காராமணி தின்னி வந்தா எல்லாரும் கைய நீட்டுங்க. சமைக்கத் தெரியாதவ, ஆனா குத்துனா வலிக்காது.”

அந்த மழைக்காலத்தில் கொலெபுகுவின் எல்லா வீட்டிலும் வலை தொங்கியது. மாதாமாதம் மாத்திரை கொடுக்க மஸ்ஸரான் போனாள். கசக்கிறது என்று துப்பிய பிள்ளைகளுக்கு அரை மணி காத்திருந்து மறுபடி கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். அந்த ஆண்டு ஊரில் குழந்தைக்கென்று ஒரு குழியும் வெட்டவில்லை.

அவள் வேலைக்கு வந்து இப்போது ஆறாவது கோடை. அவள் கொண்டுவரும் ரத்தத்தில் கிருமிகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பத்துப் பேரில் நான்கு பேரிடம் இருந்தது இப்போது ஒருவரிடம். கிருமி மூர்க்கமாகிவிட்டதற்கான தடம் இதுவரை எதுவும் தெரியவில்லை. போன வாரம் புதிதாக மூன்று ஊர்களை அவளுக்கு ஒதுக்கினார்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தவள், “இங்கெல்லாம் திராவொரேக்கள் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள்.