ஆற்றங்கரையில் ஒரு பெயர்

டொக்டர் என் கணவரை நடக்கத்தான் சொன்னார். மகள் அதைச் சைக்கிள் ஓட்டமாக்கிவிட்டாள். ஆக்லாந்துக்குத் தெற்கே வைக்காட்டோ ஆற்றோரமாக நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள். மூட்டை முடிச்சை ஒரு வான் வண்டி அடுத்த தங்குமிடத்தில் இறக்கிவிடும். "இட்ஸ் ஆல் ஃப்ளாட், அம்மா" என்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மேடு பள்ளம் எல்லாமே ஃப்ளாட்தான்.

அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. சாவி, அடுப்பு என்று ஆரம்பித்து, மவுண்ட் வெல்லிங்டனில் வீட்டுக்குத் திரும்பும் சந்தியை விட்டுவிட்டு, எல்லர்ஸ்லியில் தான் ஓய்வுபெற்ற அலுவலக வாசலில் போய் நிற்கிற அளவுக்கு வந்திருந்தது. சைக்கிள் மட்டும் மறக்கவில்லை. முதல் நாள் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு ஓட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் என் கூடையிலிருந்து இடியப்பப் பெட்டி விழுந்தது. ஆற்றங்கரைக்கு வந்தும் இடியப்பம் வேண்டும் எங்களுக்கு! பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் பாதையில் அவரைக் காணவில்லை. அவருடையது பட்டரி பூட்டிய சைக்கிள், மிதிக்காமலே பறக்கும். முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆற்றோரம், மற்றது லொறிகள் ஓடும் பெருந்தெருவுக்கு. அவருக்கு ஃபோன் எடுத்தேன். அது என் பைக்குள்ளேயே அடித்தது.

எப்போதும் அவரைக் கூப்பிடுகிற மாதிரி "இஞ்சேருங்கோ!" என்று கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை.

பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி சைக்கிளை நிறுத்தினார்கள். பெயரைச் சொல், கூப்பிட்டுத் தேடுகிறோம் என்றார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த நேரத்திலும் வெட்கம் வந்தது, பாருங்கள். மெல்லச் சொன்னேன். அவர்கள் அதைக் கடித்துக் குதறிக் கத்திக்கொண்டு பெருந்தெருப் பக்கம் போனார்கள். நான் ஆற்றோரமாகப் போனேன். வெட்கம் எங்கேயோ போய்விட்டது. அந்தப் பெயரை, அவருடைய அம்மா கூப்பிட்டிருக்கக்கூடிய மாதிரி, திருத்தமாக, அழுது அழுது கத்தினேன். பதிலே இல்லை. ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே பயந்தேன்.

வளைவு தாண்டியதும், கூப்பிடு தூரத்தில், ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள். மறுபடி பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றேன்.

"என்னப்பா?" உடனே திரும்பினார். முகத்தில் அவ்வளவு கவலை. "ஆரையோ காணேல்லைப் போல. கனநேரமாப் பேர் சொல்லிக் கூப்பிடினம். ஒரு பொம்பிளை அழுதழுது கத்துது. பாவம். நாங்களும் போய்த் தேடுவமே?"

"ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சைக்கிளில் ஏறினார். தன் பெயரைத் தானே உரத்துக் கூப்பிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் போனார்.