கடல் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

எண்ணூரில் எங்கள் மாதா கோயில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மொட்டைமாடிக் கம்பியில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரும் அப்படியே, தெருவைப் பார்த்துத்தான் கத்தும். காலைப் பூசையில் சித்தி பாடுவது அதில் வரும். ஆண்டவரின் நீதி உலகமெங்கும் விளங்குகிறது, எல்லாரும் புகழுங்கள் என்கிற பாட்டு. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை தெரிந்தது. தெருப் பக்கம் இருந்தது லாரிகளும் தூரத்தில் மணலிப் புகைக்கூண்டும்தான். உலகம் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கப்பல்களெல்லாம் அங்கிருந்துதானே வந்தன? இவ்வளவு நல்ல பாட்டை லாரிக்காரர்களுக்கு மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்?

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பாடினால் மீன் கூடைக்காரிகள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சித்தப்பா மட்டும், "ஆண்டவருக்கே காது வலிக்கப் போவுது" என்று கிண்டல் செய்வார். செய்துவிட்டுக் கோயில் வாசலிலேயே நின்று பாட்டு முடியும்வரை கேட்பார்.

அந்த மார்கழியில் ஒரு விடிகாலை பனி இறங்கியது பாருங்கள், அப்படி ஒரு பனியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. எதிர்வீடு காணாமல் போயிற்று. கடல் சத்தம் இருந்தது, கடலைக் காணோம். முந்தின சாயங்காலம் அப்பா ஒரு போட்டிலும் சித்தப்பா இன்னொரு போட்டிலும் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். கரை தெரியாமல் வந்தால், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லில் படகு மோதிவிடும். அதனால் பனி நாளில் பெண்கள் கரையில் நின்று தகரத்தைத் தட்டுவார்கள். சத்தம் வருகிற இடம்தான் கரை.

கோயிலில் பூசை ஆரம்பித்து, சித்தியின் குரல் தெருப் பக்கம் போனது. எனக்கு உலகம் ஞாபகம் வந்துவிட்டது. மாடிக்கு ஏறி, ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக் கடல் பக்கம் திருப்பினேன். பாட்டு பனிக்குள் மெல்ல மெல்லப் போயிற்று. எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. ஆஹா, உலகம் பதில் சொல்கிறது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாடியிலிருந்து இறங்கி, கரையில் நின்ற அம்மாவிடம் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து அப்பா நடந்து வந்தார். "தம்பி பொண்டாட்டி கொரலு கேட்டுச்சும்மே. அத்தப் புட்ச்சிகினே வந்துட்டோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். அப்புறம், "தம்பி வந்துட்டானா?" என்றார். அம்மா கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

யாரோ ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னார்கள். பூசை முடிந்தும் அவள் மைக்கை விடவில்லை. அதே பாட்டு, திரும்பத் திரும்ப. பனி விலகி வெயில் ஏறியது. கடல் முழுசாகத் தெரிந்தது, அதில் ஒன்றுமில்லை. அப்போதும் பாடிக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஸ்விட்சில் கை வைக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடினேன், சந்தோஷமாக.

ஆபத்திலிருந்து கரை சேர்ந்தவரின் குடும்பம் அடுத்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் நின்று நன்றிப் பாட்டுப் பாடுவது எங்கள் கோயில் வழக்கம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் நின்றோம். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவுக்கு வாயே வரவில்லை. பின்னாலிருந்து சித்தி எழுந்து வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஆண்டவரின் நீதியை, உலகமெங்கும், ஒரு இடத்திலும் சுருதி பிசகாமல். பீடத்தை நேராகப் பார்த்தே பாடினாள். கோயிலே அழுதது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, "சித்தப்பா வந்தா நீதான சித்தி முன்னாடி நின்னு பாடுவ?" என்று கேட்டேன்.

சித்தி கோயில் மாடியைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்பீக்கரைத் திருப்பியது நான்தான் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

"அந்த ஸ்பீக்கர மட்டும் தெருப் பக்கம் திருப்பிடாத கண்ணு," என்றாள். "அப்டியே கெடக்கட்டும்."

சித்திக்கும் என்னைப் போலவே உலகத்தின் மேல் அக்கறை என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினேன்.