ஊசியை நிறுத்திய டாக்டரம்மா

மாதம் நிறையும்வரை பொறுமையில்லாமல் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள் என் மகள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள். வெளியே நாற்காலியில் என் பெரியப்பா. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு அல்லவா? அப்பா இல்லாத எனக்கு அந்தப் பொறுப்பை அவர்தான் சுமந்தார், நாலு பேருக்குத் தெரியும்படி.

பெரியப்பாவுக்கு நீடாமங்கலத்தில் பூச்சிமருந்துக் கடை. பயிரில் பூச்சி தெரிந்தால் ஒரு மருந்து. தெரியாவிட்டால், தெரியாமலே இருப்பதற்கு ஒரு மருந்து. ஆகவே, பிறந்ததுமே குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள் என்றதும் மனம் குளிர்ந்துபோனார். "இருக்கறதுலயே ஒசத்தி மருந்துங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் அறிவித்தார். அவர்களும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். எங்கள் குடும்ப மானம் சொட்டுச் சொட்டாக என் மகளின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மானத்தில்தான் டாக்டரம்மா கைவைத்தார். ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை, ஊசியை நிறுத்துகிறேன் என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் போடுங்க டாக்டர். எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்றார் பெரியப்பா.

"செலவப் பத்திப் பேசலீங்க. தேவையில்லாம போட்டுக்கிட்டே இருந்தா குடல்ல இருக்கற நல்ல கிருமியும் செத்துரும். மாசம் குறைஞ்ச பிள்ளைக்குக் குடல் அழுகிப்போற அபாயம் கூடும்."

எனக்கு அந்த ஊசி அப்போதே நின்றால் போதும் என்றிருந்தது. பெரியப்பாவின் கவலை வேறு. "ஊசியில மிச்சம் பிடிச்சோம்னு சம்பந்தி வீட்ல பேசமாட்டாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டவர், 'நல்லா ஊசி போடற' இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார்.

தையல் வலியோடு எழுந்து நின்றேன். "போன சம்பாவுல நட்ட கையோட நம்ம வயலுக்கு மருந்தடிச்சீங்களே பெரியப்பா, என்ன ஆச்சு?"

அந்த மருந்தில் வயலில் இருந்த சிலந்தியெல்லாம் செத்து, பிடித்துத் தின்ன ஆளில்லாமல் புகையான் பூச்சி பெருகி, பயிர் வட்டவட்டமாகக் கருகியது ஊரறிந்த விஷயம். கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் அது வானிலைக் கோளாறு.

"என் பிள்ளை எங்கயும் வரமாட்டா. சம்பந்தி கேட்டா எங்கிட்ட அனுப்புங்க" என்றேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று ஆனது. பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிரசவித்த உடம்புக்கு அது நல்ல ஓய்வு.

வீறாப்பு பேசியாயிற்று. பயம் அப்புறம்தான் வந்தது. என் பால் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள் போக ஆரம்பித்தது. போகும்போதெல்லாம் வயிறு உப்புகிறதா என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். டாக்டரம்மா சொன்னது தப்பாக இருந்தால்? ஏதாவது ஆகிவிட்டால் பெற்றவளே கெடுத்தாள் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேனே.

ஒருநாள் காலை, டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கைய நல்லா கழுவிட்டு வாங்க. நீங்களே தொட்டுப் பாருங்க."

என் மகளை நான் முதன்முதலாகத் தொட்டது அந்த வயிற்றில்தான். மெத்தென்று, வெதுவெதுப்பாக, மூன்று விரலுக்குள் அடங்கிவிடுகிற வயிறு. கையை எடுக்கச் சொல்லி டாக்டரம்மா என்னிடம் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.